பாத்திரமேற்புக் காணொளி விளையாட்டுகளில் செயல்வழிப் போர்: வரையறையும் வரலாறும் (1974–2025)

ஆய்வுச் சுருக்கம்

பாத்திரமேற்புக் காணொளி விளையாட்டுகளில் 'செயல்வழிப் போர்' என்னும் வகை பெரும்பாலும் நேரத்தைக் கொண்டே விளக்கப்படுகிறது. முறை வைத்து ஆடுவது ஒரு வகை என்றும், நேரம் நிற்காமல் ஓட ஆடுவது மற்றொரு வகை என்றும் அவ்விளக்கம் பிரிக்கிறது. 1974 முதல் 2025 வரை வெளிவந்த சில முதன்மையான ஆக்கங்களைக் காலவரிசையில் ஒப்பிடும் இக்கட்டுரை, அவ்விளக்கத்தின் போதாமையைச் சுட்டுகிறது. ஓர் அடி பட்டதா இல்லையா என்பதை முடிவு செய்வது பாத்திரத்தின் எண்ணா, ஆட்டக்காரரின் கையா என்னும் வினாவே வரையறைக்கு அடிப்படையாதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. இம்மாற்றத்தால் பாத்திரமேற்பு விளையாட்டின் தொடக்க கால உறுதிமொழி ஒன்று மறுபரிசீலனைக்கு உள்ளானதும் இங்கு விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, பாத்திரமேற்பு, செயல்வழிப் போர், நிகழ்நேரம், பகடை, வரையறை.

முன்னுரை

பாத்திரமேற்பு விளையாட்டில் ஆட்டக்காரர் வேறொருவராக இருந்து ஆடுகிறார். வலிமை, விரைவு, அறிவு, கருவித் திறன் முதலான அவ்வேறொருவரின் ஆற்றல்கள் எண்களாக எழுதப்பட்டிருக்கும். ஆட்டக்காரருக்கு வாள் பிடிக்கத் தெரியவேண்டியதில்லை. பாத்திரத்திற்குத் தெரிந்திருந்தால் போதும். இதற்கு மாறாக, அதிரடி விளையாட்டில் குதிப்பதும் குறிவைப்பதும் விலகுவதும் ஆட்டக்காரரின் விரல்களைச் சார்ந்தவை. இவ்விரு மரபுகளும் ஒன்றிய இடத்தில் பிறந்ததே செயல்வழிப் போர்.

ஒன்றிய இடம் எது என்பதில் தெளிவு இல்லை. நேரம் ஓடிக்கொண்டிருக்கும் போரெல்லாம் செயல்வழிப் போர் என்று கொண்டால், பட்டியலிலிருந்து கட்டளையைத் தேர்ந்துவிட்டுக் காத்திருக்கும் போர்களும் அதில் அடங்கிவிடும். தாக்குதல் பொத்தானை அழுத்துவதே அடையாளம் என்று கொண்டால், பொத்தானே இல்லாமல் உடலால் மோதிப் போரிடும் தொடக்க கால ஆக்கங்கள் விடுபட்டுப் போகும். நன்னூல் நூற்குற்றங்களுள் வைத்த மிகைபடக் கூறல், குன்றக் கூறல் ஆகியவற்றை இவ்வரையறைகள் முறையே நினைவூட்டுகின்றன. ஆகவே வரையறையை வரலாற்றிலிருந்து பெறுவதே தக்கது.

1. பகடை எதற்காக நின்றது?

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கி 1974இல் அமெரிக்காவில் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டு, பின்வந்த பாத்திரமேற்பு விளையாட்டுகளுக்கெல்லாம் மூலம். இதில் தாக்குபவர் இருபது முகப் பகடையை வீசுவார். எதிரியின் கவசத்திற்கும் தாக்குபவரின் நிலைக்கும் ஏற்பக் குறிக்கப்பட்ட எண் விழுந்தால் அடி பட்டதாகக் கொள்ளப்படும். அடியின் அளவை அறிய மற்றொரு பகடை வீசப்படும். 'பட்டதா', 'எவ்வளவு' என்னும் இவ்விரு வினாக்களின் பிரிவு இக்கட்டுரையின் ஆய்வுக்கு இன்றியமையாதது.

இவ்விளையாட்டின் விரிவாக்கப் பதிப்புக்கு 1979இல் கைகாக்ஸ் எழுதிய ஆட்ட நடத்துநர் கையேடு ஒரு சுற்றின் கால அளவை ஒரு நிமிடம் என வரையறுக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் வீச்சும் தடுப்பும் போலி அசைவும் பலமுறை நிகழ்வதாகவும், பகடையின் ஒரு வீச்சு அவற்றின் இறுதி விளைவை மட்டும் காட்டுவதாகவும் அக்கையேடு விளக்குகிறது. அதாவது, பகடை ஒற்றை வாள்வீச்சைக் குறிக்கவில்லை. யாரும் காணாத ஒரு நிமிடச் செயலின் சுருக்கமாக நின்றது. மேசையில் வாளும் இல்லை, உடலும் இல்லை. காட்ட இயலாத செயலுக்கு எண் பதிலியாயிற்று.

1981இல் வெளிவந்த 'விசார்ட்ரி', 'அல்டிமா' ஆகிய அமெரிக்கக் கணினி விளையாட்டுகள் மேசை விளையாட்டின் கணக்கீட்டு மரபைத் திரைக்குக் கொண்டுவந்தன. 'விசார்ட்ரி'யில் எதிரி அசையாத ஓவியமாகவே தோன்றும். யார் யாரை அடித்தார், எத்தனை புள்ளி குறைந்தது என்பன எழுத்துகளாக வரும். 1986இல் ஜப்பானில் வெளியான 'டிராகன் குவெஸ்ட்' இம்முறையைத் தொலைக்காட்சியுடன் இணைக்கும் விளையாட்டுக் கருவிக்கு எளிமைப்படுத்தித் தந்தது. அதில் தோற்றவர் கையிருப்புப் பொன்னில் பாதியை இழப்பார்; சேர்த்த அனுபவப் புள்ளிகளோ குறையா. விரல் விரைவில்லாதவரும் பொறுமையாகச் சிறு எதிரிகளோடு போரிட்டுப் பாத்திரத்தை வளர்த்து மீண்டும் செல்லலாம். காட்சி சுருக்கமாக இருந்த வரையில் எண்ணின் ஆட்சிக்கு இடையூறு எழவில்லை.

2. மோதலே தாக்குதலாக

அதே பத்தாண்டில் ஜப்பானில் மற்றொரு போக்கும் வளர்ந்தது. நாம்கோ நிறுவனம் 1984இல் வெளியிட்ட 'தி டவர் ஆஃப் துருவாகா' காசு போட்டு ஆடும் பொது விளையாட்டரங்குகளுக்காக உருவானது. அதில் வீரன் வாளை உருவியபடி எதிரியின் மேல் நடந்து செல்லவேண்டும். அதே ஆண்டு டி அண்ட் ஈ சாஃப்ட் வெளியிட்ட 'ஹைட்லைட்', கணினித் திரையில் திறந்த வெளியில் உலவி எதிரியோடு உடலால் மோதும் போரை அனுபவப் புள்ளிகளோடு இணைத்தது. பொத்தானை அழுத்திப் பிடித்தால் தாக்கும் நிலை. விட்டால் காக்கும் நிலை.

நிஹோன் ஃபால்கம் 1987இல் வெளியிட்ட 'ஈஸ்' இதனை மேலும் செம்மைப்படுத்தியது. அதில் தாக்குவதற்கெனப் பொத்தானே இல்லை. எதிரியின் மேல் நேராக மோதினால் வீரனும் காயமுறுவான். உடலின் பாதி மட்டும் படும்படி சற்று விலகி மோதினால் எதிரி மட்டும் காயமுறும். வெற்றிக்கு வழி, எங்கே நிற்பது என்பதைக் கண நேரத்தில் தேர்ந்துகொள்வது. எனினும் பாத்திரத்தின் நிலை தாழ்ந்திருந்தால் எவ்வளவு நுட்பமாக மோதினாலும் பெரிய எதிரியை வெல்ல இயலாது. ஆக, 'பட்டதா' என்பதை இடம் முடிவு செய்தது. 'எவ்வளவு' என்பதை எண் முடிவு செய்தது. மேசை விளையாட்டில் இரண்டையும் எண்ணே ஆண்டது. அவற்றுள் முதலாவது ஆட்டக்காரரின் கைக்கு வந்து சேர்ந்ததே செயல்வழிப் போரின் தோற்றம் எனலாம்.

1986இல் நின்டெண்டோ வெளியிட்ட 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' இங்கு எல்லைக்கோடாக உதவுகிறது. அதன் போர் முழுமையும் கையின் போர். ஆனால் அதில் அனுபவப் புள்ளி இல்லை. தேடிக் கண்ட வாளும் இதயமுமே வளர்ச்சி. பாத்திரத்தின் எண் ஆளவேண்டிய இடமே குறுகிவிட்டமையால் அதனைப் பாத்திரமேற்பு விளையாட்டு என்று கொள்வதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

3. கடிகாரம் ஓடினால் போதுமா?

1991இல் ஸ்கொயர் வெளியிட்ட 'ஃபைனல் ஃபேண்டசி 4' முறைவழிப் போரில் கடிகாரத்தைப் புகுத்தியது. ஹிரோயுகி இத்தோ வடிவமைத்த இம்முறையில் ஒவ்வொரு பாத்திரத்திற்கும் அதன் விரைவுக்கேற்பக் காத்திருப்பு நேரம் உண்டு. ஆட்டக்காரர் கட்டளையிடத் தாமதித்தால் எதிரி காத்திருக்காமல் தாக்கும். கார்ப் பந்தயத்தில் விரைவான வண்டி மற்றதை முந்திச் செல்வது இதற்குத் தூண்டுதலாக அமைந்தது என இத்தோ கூறியுள்ளார். இங்கே நேரம் ஓடுகிறது. ஆயினும் அடி படுவதை எண்ணே முடிவு செய்கிறது. பாத்திரங்கள் ஒருபுறம் வரிசையாக நிற்க, நகர்ந்து தப்பும் வழி ஆட்டக்காரருக்கு இல்லை. இதனைச் செயல்வழிப் போர் எனின் மிகைபடக் கூறலாகும்.

மேற்கில் இதே உண்மையை 'டையாப்லோ' இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 1996 இறுதியில் வெளியான இவ்விளையாட்டு, முதலில் முறைவழி விளையாட்டாகவே உருவாக்கப்பட்டு வந்தது. இடையில் அதை நிகழ்நேரத்திற்கு மாற்றியதை அதன் முதன்மை நிரலாளர் டேவிட் பிரேவிக் பின்னாளில் விவரித்துள்ளார். மாற்றம் சில மணி நேரத்தில் முடிந்தது. முறைகள் ஒழிக்கப்படவில்லை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு விரைந்து தாமே கழியும்படி செய்யப்பட்டன என்பதே காரணம். ஆட்டக்காரர் எதிரியைச் சொடுக்குகிறார், வீரன் வாளை வீசுகிறான், பட்டதா என்பதை உள்ளே ஒரு பகடை சொல்கிறது. 2000இல் வந்த 'டையாப்லோ 2'இல் இந்த வாய்ப்பு நூற்றுக்கு 95ஐத் தாண்டாது, 5க்குக் கீழும் இறங்காது. 2012இல் வந்த 'டையாப்லோ 3'இல்தான் வீரனின் தாக்குதல் படும் வாய்ப்பைக் குறிக்கும் எண் கைவிடப்பட்டது. பதினைந்து ஆண்டுக்கும் மேலாகத் 'செயல்வழி' எனப் பெயர் பெற்றிருந்த தொடர், அடியைப் பொறுத்தவரையில் பகடை விளையாட்டாகவே இருந்தது.

1998இல் பயோவேர் உருவாக்கிய 'பால்டர்ஸ் கேட்' மேசை விளையாட்டின் இரண்டாம் பதிப்பு விதிகளை ஆறு நொடிச் சுற்றுகளாக ஓடவிட்டு, வேண்டும்போது நிறுத்திக் கட்டளையிட வழி செய்தது. அதனைச் செயல்வழிப் போர் என்று கொள்வோர் அரியர். ஆயின் 'டையாப்லோ'வுக்கும் அதற்கும் அடியைத் தீர்மானிக்கும் முறையில் வேறுபாடு சிறிதே. வகைப்பெயர் விரல் அசையும் விரைவைப் பார்த்து இடப்பட்டதேயன்றி விதியைப் பார்த்து இடப்படவில்லை என்பது இதனால் புலனாகும்.

4. கண்ணுக்கும் எண்ணுக்கும் முரண்

பகடையின் ஆட்சி கேள்விக்குள்ளானது பாத்திரத்தின் கண்ணாகவே திரை மாறியபோது. பெதஸ்தா 2002இல் வெளியிட்ட 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 3: மாரோவிண்ட்' இதற்குச் சிறந்த சான்று. ஆட்டக்காரர் முப்பரிமாண உலகில் தாமே நடந்து, தாமே குறிவைத்து, தாமே வாளை ஓங்குகிறார். நகரும் திசைக்கேற்ப வெட்டும் குத்தும் வேறுபடும். ஆனால் அடி படுவதைக் கருவித் திறன், சுறுசுறுப்பு, நல்லூழ், களைப்பு ஆகியவற்றிலிருந்து கணக்கிட்ட வாய்ப்பே முடிவு செய்கிறது. திறன் குறைந்த தொடக்க நிலையில், ஓடிக் களைத்த வீரன் எதிரே நிற்கும் சிறு விலங்கின் உடலுக்குள் வாள் புகுந்து வெளிவருவதைக் கண்ணால் காண்கிறான், அடியோ படவில்லை.

மேசை விளையாட்டின் விதிப்படி இதில் பிழையில்லை. பகடை ஒரு நிமிடச் செயலைச் சுருக்கிச் சொன்ன காலத்தில் 'படவில்லை' என்பதற்கு விலகினான், தடுத்தான், கால் தவறினான் என ஆயிரம் விளக்கம் கற்பனையில் கிடைக்கும். 'மாரோவிண்ட்'டிலோ செயல் முழுவதும் கண்முன் நிகழ்ந்துவிட்டது. சுருக்கத்திற்குத் தேவை போன பின்னும் சுருக்கம் நீடித்தது. காட்சி ஒன்றைச் சொல்ல, எண் அதற்கு மாறாகச் சொன்னது.

2006இல் வந்த 'ஒப்லிவியன்' இம்முரணைக் காட்சியின் பக்கம் நின்று தீர்த்தது. வாள் தொட்டால் அடி பட்டதே. திறன் எண், அடியின் அளவையும் கற்றுக்கொள்ளும் தாக்குதல் வகைகளையும் ஆளலாயிற்று. நான்கு ஆண்டு இடைவெளியில் ஒரே தொடரில் நிகழ்ந்த இம்மாற்றத்தில் கடிகாரம் மாறவில்லை, பொத்தானும் மாறவில்லை. எது சான்று என்பது மட்டுமே மாறியது. செயல்வழிப் போரின் வரையறையை இதைவிடத் தெளிவாகப் பிரித்துக்காட்டும் இணை அரிது.

பலர் இணையத்தில் கூடி ஆடும் விளையாட்டுகளிலும் இதே பாதை காணப்படுகிறது. 1999இன் 'எவர்குவெஸ்ட்', 2004இன் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' ஆகியவற்றில் எதிரியை இலக்காகக் குறித்தபின் தாக்குதல்கள் குறித்தவரையே சென்று சேரும். தவறியதா, விலகியதா, தடுக்கப்பட்டதா என்பதைக் கணக்கு முடிவு செய்யும். செய்தி சென்று சேரத் தாமதமாகும் இணைப்புகளில் இம்முறைக்கு நடைமுறைப் பயன் இருந்தது. பகடையை வழங்கியிலேயே வீசிவிடலாம். இரு உடல்கள் ஒரு கணத்தில் எங்கே நின்றன என்பதில் அனைவர் திரையும் ஒத்துப்போகவேண்டிய கட்டாயம் குறைவு. 2011இல் தென் கொரியாவில் வெளியான 'டேரா', இலக்குக் குறிப்பைத் தவிர்த்து, ஆயுதம் எட்டும் எல்லைக்குள் நிற்பவரே அடிபடுவர் என அமைத்தது. தன் போர்முறையைச் 'செயல்வழிப் போர்' என்றே அது விளம்பரப்படுத்தியது.

5. எண் சென்று சேர்ந்த இடம்

அடியை முடிவு செய்யும் உரிமையை இழந்த எண் எங்கே சென்றது? ஃப்ரம்சாஃப்ட்வேர் உருவாக்கிய 'டீமன்ஸ் சோல்ஸ்' (2009), 'டார்க் சோல்ஸ்' (2011) ஆகியவை இதற்கு விடை தருகின்றன. இவற்றில் ஒவ்வொரு வீச்சுக்கும் தொடக்கம், தாக்கம், மீட்சி என்னும் கால அளவுகள் உண்டு. இடையில் நிறுத்த இயலாத வீச்சு, தவறான நேரத்தில் தொடங்கியவரைத் தண்டிக்கும். உருண்டு விலகும்போது ஒரு நொடியின் சிறு பகுதி மட்டும் உடல் தாக்குதலுக்கு அகப்படாது. 'டார்க் சோல்ஸ்'இல் பாத்திரத்தின் நிலையை உயர்த்தாமலேயே ஆட்டத்தை முடித்தவர்கள் உண்டு.

ஆனால் எண் இங்கே மறையவில்லை. அணிந்த கவசத்தின் எடைக்கும் பாத்திரத்தின் தாங்கும் திறனுக்கும் உள்ள விகிதம், உருளும் விரைவை மாற்றுகிறது. 2014இல் வந்த 'டார்க் சோல்ஸ் 2' மேலும் ஒரு படி சென்றது. அதில் பாத்திரத்தின் ஒரு பண்பெண்ணை உயர்த்தினால், உருளும்போது உடல் அகப்படாதிருக்கும் காலமே நீள்கிறது. ஆக, எண் இங்கே தீர்ப்பை வழங்கவில்லை; தீர்ப்புக்குரிய கால வாயிலின் அகலத்தை அமைக்கிறது. அவ்வாயிலுள் நுழைவது கையின் பொறுப்பு. பாத்திரமேற்பும் செயல்வழியும் ஒன்றையொன்று அழிக்காமல் கூடியதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

6. முறைக்குள் செயல்

நேர அளவுகோலின் போதாமையை மறுபக்கத்திலிருந்தும் நிறுவலாம். 1996இல் வெளியான 'சூப்பர் மரியோ ஆர்பிஜி' முறைவழி விளையாட்டு. ஆனால் அடி விழும் கணத்தில் பொத்தானை அழுத்தினால் அடியின் வலிமை கூடும். எதிரி தாக்கும் கணத்தில் அழுத்தினால் காயம் குறையும். பிரான்ஸின் சாண்ட்ஃபால் இன்டராக்டிவ் உருவாக்கி 2025இல் வெளியான 'கிளேர் அப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33' இதனை அதன் எல்லைவரை கொண்டு சென்றது. ஆட்டக்காரரின் முறையில் கட்டளைப் பட்டியல். எதிரியின் முறையில் ஒவ்வொரு வீச்சையும் பார்த்து உரிய கணத்தில் விலகவோ தடுக்கவோ வேண்டும். கணம் தவறாதவர் காயமின்றித் தப்புவார்.

இதில் முறை உண்டு. தற்காப்பில் அடி படுவதைக் கையே முடிவு செய்கிறது. எனவே 'முறைவழி', 'செயல்வழி' ஆகியவை எதிர்ச்சொற்கள் அல்ல. முன்னது 'யார் எப்போது' என்னும் வினாவுக்கு விடை. பின்னது 'பட்டதை முடிவு செய்வது எது' என்னும் வினாவுக்கு விடை. ஆயினும் 'எக்ஸ்பெடிஷன் 33'இன் போரில் காலத்தேர்வு உண்டேயன்றி இடத்தேர்வு இல்லை; 'ஈஸ்'இல் இடத்தேர்வே முதன்மை. இரண்டும் தொடர்ந்து இயங்கும் போரை முழுமைச் செயல்வழிப் போர் என்றும், ஒன்று மட்டும் அமைந்ததைச் செயல்வழிக் கூறுடைய போர் என்றும் பிரித்தல் பொருந்தும்.

7. யாருடைய ஆற்றல்?

இவ்வரையறை வெறும் பெயரிடலோடு நிற்பதன்று. மேசை விளையாட்டு தந்த உறுதிமொழி, ஆட்டக்காரரிடம் இல்லாத ஆற்றலைப் பாத்திரம் கொண்டிருக்கலாம் என்பது. நடுங்கும் கையுடைய முதியவரும் சிறந்த வாள்வீரராக ஆடலாம். 'பட்டதா' என்பதைக் கையிடம் ஒப்படைத்த கணமே அவ்வுறுதிமொழி சுருங்குகிறது. பாத்திரத்தின் வாள்திறன் 100 ஆக இருப்பினும், விரல் தாமதித்தால் வீரன் வீழ்வான். கடிகாரத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் வரையறையில் இவ்விழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

அண்மைக் கால ஆக்கங்கள் இதனை உணர்ந்திருப்பதற்குச் சான்றுகள் உள. முறைவழிக் கட்டளைப் போரால் புகழ்பெற்ற 'ஃபைனல் ஃபேண்டசி 7' (1997), 2020இல் செயல்வழிப் போருடன் மறுஆக்கம் பெற்றது. அதில் பாத்திரம் தானே நகர்ந்து தாக்கித் தடுக்க, ஆட்டக்காரர் கட்டளைகளை மட்டும் தேரும் 'கிளாசிக்' முறையும் வைக்கப்பட்டது. 2023இல் வந்த 'ஃபைனல் ஃபேண்டசி 16' தாக்குதல்களில் பலவற்றிலிருந்து தானே விலகச் செய்யும் மோதிரத்தைப் பாத்திரத்திற்கு அணிவிக்கலாம் என அமைத்தது. கைக்குக் கொடுத்த உரிமை, விரும்புவோருக்கு மீண்டும் பாத்திரத்திடமே ஒப்படைக்கப்படுகிறது. அமைப்புப் பட்டியலில் ஒளித்துவைக்காமல் அணிகலனாகத் தந்தமையால், உதவியும் பாத்திரத்தின் ஆற்றலாகவே கதைக்குள் நிற்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

• அடி படுவதைப் பாத்திரத்தின் எண்ணோ பகடையோ அல்லாமல், ஆட்டக்காரர் அக்கணத்தில் செய்யும் இடத்தேர்வும் காலத்தேர்வும் முடிவு செய்யும் போரே செயல்வழிப் போர்.

• நிகழ்நேரம் அதற்குப் போதுமான அடையாளம் அன்று என்பதை 'ஃபைனல் ஃபேண்டசி 4', 'டையாப்லோ', 'மாரோவிண்ட்' ஆகியவையும், முறை அதற்குத் தடை அன்று என்பதை 'எக்ஸ்பெடிஷன் 33'உம் காட்டுகின்றன.

• பகடை காணப்படாத செயலின் சுருக்கமாகத் தோன்றியது. செயல் காட்சியானபோது சுருக்கம் முரணாயிற்று. அம்முரணின் தீர்வாகவே மேற்கத்திய விளையாட்டுகளில் செயல்வழிப் போர் நிலைபெற்றது. ஜப்பானில் அது விளையாட்டரங்க மரபின் வழி முன்னரே வேரூன்றியிருந்தது.

• செயல்வழிப் போரிலும் எண் அழியவில்லை. 'எவ்வளவு' என்பதையும், கைக்குத் திறக்கப்படும் கால வாயிலின் அகலத்தையும் அது ஆளுகிறது.

தமிழில் இத்துறைக்கான கலைச்சொற்கள் இன்னும் நிலைபெறவில்லை. 'நிகழ்நேரப் போர்', 'செயல்வழிப் போர்' ஆகிய இரண்டையும் ஒருபொருட் சொற்களாக ஆளத் தொடங்கினால், பிற மொழிகளில் வழக்கால் நேர்ந்த குழப்பம் தமிழில் கலைச்சொல்லாகவே நிலைத்துவிடும். இரண்டையும் தொடக்கத்திலேயே பிரித்து ஆள்வது, ஐம்பது ஆண்டுகளில் பாத்திரத்திடமிருந்து ஆட்டக்காரருக்குக் கைமாறியது எது என்பதைப் பின்வரும் ஆய்வாளர்கள் பிழையின்றிக் காண உதவும்.